சுல்தானா எனக்காக ஆடிய மத்தியானம்

எங்கள் சொந்தக்காரர்களில் கார் வைத்திருந்தவர்கள் மூன்று பேர். குதிரை வைத்திருந்தவர் மாமா ஒருவர்தான். கார்க்காரர்கள் வந்தால் அப்பா வாசல்வரை போய் வரவேற்பார். அம்மாவின் அண்ணனான மாமா வந்தால், செருப்பில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு உட்காரச் சொல்வார். சேலையூரில் நாங்கள் குடியிருந்த காலனியில் எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடும் மச்சானை அவர்களிடம் எப்படி அறிமுகப்படுத்துவது என்பது அப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நான்காம் வகுப்பில் சேர்ந்த முதல் நாளே எல்லோரிடமும் சொல்லி, பாதிப் பேரை நம்பவும் வைத்துவிட்டேன்.

மாமா வீடு அனகாபுத்தூரில், ஆற்றை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. ஆட்டோ ஒன்று உள்ளே வந்தால் இன்னொன்று பின்னால் போக வேண்டும். வீட்டுக்குப் பின்புறம் கட்டிட உடைசலைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் தகரக் கொட்டகை போட்டு, அதில் குதிரையைக் கட்டியிருந்தார். வெள்ளைப் பெண் குதிரை. பெயர் சுல்தானா. மாமா தினமும் நெற்றியில் நாமம் போட்டுக்கொள்பவர். வாங்கிய புதிதில் லட்சுமி என்று மாற்றிப் பார்த்தாராம். ஒரு மாதம் லட்சுமி, லட்சுமி என்று கூப்பிட்டும் அது காதைக்கூட அசைக்கவில்லை. கடைசியில் மாமாதான் விட்டுக்கொடுத்தார். முகூர்த்த நாட்களில் ஜிகினா வைத்த சிவப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, குட்டியானை என்று சொல்லும் சின்ன லாரியில் ஏறி நின்றபடி சுல்தானா பெருங்களத்தூர், வண்டலூர் பக்கத்து மண்டபங்களுக்குப் போகும். குதிரை யானைமேல் போகிறது என்று சந்துப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள்.

இந்தப் பெருமையெல்லாம் எனக்குச் சேர வேண்டியது. ஆனால் சேர்ந்தது மாமா மகளுக்கு.

அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. சுல்தானாவுக்குப் புல் போடுவது, பிடரி மயிரைச் சீவிவிடுவது, குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பது எல்லாம் அவள்தான். அதுகூடப் பரவாயில்லை, வேலைதானே. என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் வேறு. பள்ளிக்கூடம் விட்டு அவள் சந்து முனையில் திரும்பும்போதே சுல்தானா ஆட ஆரம்பித்துவிடும். முன்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து, உடம்பை இடமும் வலமும் அசைத்து, தலையையும் ஆட்டும். அவள் போய்க் கழுத்தைத் தடவினால்தான் நிற்கும். மாமா இதை வைத்து ஒரு ஃப்ளெக்ஸ் பேனரே அடித்துவிட்டார். நாலு மூலையிலும் ரோஜாப் பூ, நடுவில் சுல்தானா, கீழே ‘டான்ஸ் குதிரை கிடைக்கும்.’ எனக்காக அது ஒரு தடவைகூட ஆடியதில்லை. நான் பக்கத்தில் போனால் காதைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு, வீட்டு வாசலில் வந்து நிற்கும் வசூல்காரரைப் பார்ப்பதுபோல் பார்க்கும்.

எப்படி ஆட வைக்கிறாய் என்று ஒருநாள் வெட்கத்தை விட்டு அக்காவிடம் கேட்டேன்.

“நான் எங்கடி ஆட வைக்கிறேன். நான் வர்ற வரைக்கும் அது அப்பிடித்தான் ஆடிகினு கீது” என்றாள்.

இதைவிடப் பெரிய அலட்டல் உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்தேன். அவள் அதோடு நிற்கவில்லை. மண்ணைக் காலால் பறித்தால் ஒன்று, வாலை விசிறினால் ஒன்று, காதை மடக்கினால் ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம் சொல்லிக்கொண்டே போனாள். நான் காதில் வாங்கவில்லை. பரீட்சையில் முதல் மார்க் வாங்கினவள் பாடம் சொல்லித் தந்தால் கேட்கவா முடியும்?

சுல்தானா வந்த மாதத்தில்தான் மாமாவின் மனைவி, என் அத்தை, குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்து விமானம் ஏறினாள். இரண்டும் ஒரே மாதம் என்பதைப் பெரியவர்கள் பேசும்போது கேட்டிருக்கிறேன். ஒன்றையும் ஒன்றையும் சேர்த்துப் பார்க்கும் வயதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்காவுக்கு வீட்டிலேயே ஒரு குதிரை இருக்கிறது, வெள்ளிக்கிழமைதோறும் வெளிநாட்டிலிருந்து ஃபோன் வருகிறது என்பதுதான். ஃபோன் வரும் நேரத்துக்கு முன்னால் கேட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே அவள் நடந்துகொண்டே இருப்பாள். அதையும் அலட்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். எனக்கு யார் குவைத்திலிருந்து ஃபோன் செய்வார்கள்? என் அம்மா பக்கத்திலேயே இருந்தாள்.

பக்கத்திலேயே இருந்தாள் என்று சொல்வதுகூட அந்த மே மாதத்தில் பொய்யாகிவிட்டது. விடுமுறைக்கு நானும் அம்மாவும் மாமா வீட்டில் பதினைந்து நாள் தங்கப் போனோம். போன மறுநாளிலிருந்து அம்மா அக்காவுக்கு அம்மாவாகிவிட்டாள். காலையில் தலை வாருவது முதலில் அவளுக்கு, இரண்டாவது எனக்கு. அவளுக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, ரெட்டைப் பின்னல் போட்டு முடிப்பதற்குள் அம்மாவுக்குக் கை வலிக்கும். எனக்கு ஒற்றைப் பின்னலோடு சரி. தோசையில் முறுகல் அவளுக்குப் போகும். கேட்டால், “உனக்குத்தான் தினமும் போடறேனே” என்பாள். நியாயம்தான். ஆனால் பொறாமைக்காரியிடம் நியாயம் பேசுவது கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளிப்பது மாதிரி.

ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள் ஊர்வலம் முடிந்து மாமா வர வெகுநேரமாகியிருந்ததால் மத்தியானம் சாப்பிட்டதும் படுத்துவிட்டார். அம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு பாவாடை சட்டைக்கு அளவு கொடுக்கப் பல்லாவரம் கிளம்பினாள். நானும் வருகிறேன் என்றேன். வெயில், பஸ்ஸில் கூட்டம், நீ மாமாவுக்குத் துணையாக இரு என்றாள். தூங்குகிற மாமாவுக்கு எதற்குத் துணை என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு சந்து முனையில் திரும்புகிறவரை கேட்டில் நின்று பார்த்தேன். தூரத்திலிருந்து யார் பார்த்தாலும் அவள்தான் மகள் என்று சொல்வார்கள்.

அழுதிருக்கலாம். நான் யோசித்தேன். இந்தக் குதிரையும் அவளிடம் மயங்கிக் கிடக்கக் காரணம் அவள் கையில் சாப்பாடு இருப்பதுதானே? கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பற்றிப் பழமொழியே இருக்கிறது. அவள் கொடுப்பதைவிட அதிகமாக நான் கொடுத்தால் எனக்கும் ஆடிவிட்டுப் போகிறது. கொட்டகை ஓரத்தில் ஒரு நீல டிரம்மில் கொள்ளு இருந்தது. அதை ராத்திரியே ஊற வைத்து, காலையில் தவிட்டோடு பிசைந்து, இரண்டு கைப்பிடிதான் அக்கா வைப்பாள். என்ன கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். டிரம்மிலிருந்து காய்ந்த கொள்ளை அப்படியே அரை வாளி அள்ளினேன். மண்டபத்திலிருந்து மாமா கொண்டுவந்திருந்த தூக்கில் பூந்தி மிச்சம் இருந்தது. ருசிக்கு அதையும் கொட்டிக் கலந்தேன்.

சுல்தானா முதலில் என்னைப் பார்த்தது. அப்புறம் வாளியைப் பார்த்தது. பிறகு என்னை மறந்துவிட்டது. அது தின்ற வேகத்தைப் பார்த்தபோது இத்தனை நாளும் அக்கா அதைப் பட்டினி போட்டிருக்கிறாள் என்றே எனக்குத் தோன்றியது. வாளியின் அடியை நக்கி முடித்துவிட்டுத் தொட்டித் தண்ணீரையும் நிறையக் குடித்தது. நான் எதிரே கல்லில் உட்கார்ந்து காத்திருந்தேன். அது ஆடவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. நன்றி கெட்ட ஜென்மம் என்று திட்டிவிட்டு வீட்டுக்குள் போய் டிவி பார்த்தேன்.

நாலு மணி வாக்கில் கொட்டகையில் சத்தம் கேட்டுப் போனேன். சுல்தானா ஆடிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு ஆடும் ஆட்டம் இல்லை இது. அதைவிட எவ்வளவோ உயர்ந்த ஆட்டம். வலது முன்னங்காலால் மண்ணைப் பறித்தது, ஒன்று, இரண்டு, மூன்று என்று தாளம் தப்பாமல். கழுத்தை வளைத்துத் தன் வயிற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டியது. எனக்கு அது சிரிப்பாகவே தெரிந்தது. வாலை அடித்தது, பின்னங்காலை வயிற்றை நோக்கி உதறியது, மறுபடி மண்ணைப் பறித்தது. இத்தனையும் எனக்காக. என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சந்தோஷப்பட்டதாக நினைவில்லை. சந்துக்கு ஓடிப் போய் ஐந்தாறு பிள்ளைகளைக் கூட்டிவந்தேன். ஒரு பையன் வீட்டிலிருந்து ஃபோனைக் கொண்டுவந்து குத்துப்பாட்டு போட்டான். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். சுல்தானா முழங்காலை மடக்கிக் கீழே படுக்கப் போவதுபோல் போய், எழுந்தது. அது கும்பிடு போடுகிறது என்று நான்தான் விளக்கம் சொன்னேன்.

அம்மாவும் அக்காவும் திரும்பி வந்தது அப்போதுதான். ஓடிப் போய் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அவள் முகம் சுருங்க வேண்டும், கண் கலங்க வேண்டும், அதைப் பார்க்க வேண்டும் என்று மத்தியானத்திலிருந்து காத்திருந்தவள் நான். அவள் முகம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் என்னைப் பார்த்து இல்லை.

“பாட்ட நிறுத்துடா” என்றாள். பிறகு என்னிடம், “இது டான்ஸ் இல்லடி. வயித்தப் பாத்துகினு கீது பாரு. அதுக்கு வலிக்குது.”

அருகில் போய் அதன் வயிற்றில் காதை வைத்தாள். எப்போதும் உள்ளே தண்ணீர்க் குடம் உருள்வதுபோல் சத்தம் கேட்குமாம்; இப்போது ஒன்றுமே கேட்கவில்லை என்றாள். அதன் கழுத்தெல்லாம் வியர்த்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். மாமா லுங்கியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தார். பார்த்ததும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். படுத்துப் புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் பிழைக்காது என்று அவருக்குத் தெரியும். டாக்டர் நம்பரை அம்மாதான் அழுத்தி ஃபோனை அவர் கையில் கொடுத்தாள். அதற்குள் அக்கா கயிற்றை அவிழ்த்து சுல்தானாவைச் சந்தில் நடத்த ஆரம்பித்திருந்தாள். அது முழங்காலை மடக்கும்போதெல்லாம் காதருகில் ஏதோ பேசி நிமிர்த்தினாள். முனைவரை போவாள், திரும்பி வருவாள், மறுபடி போவாள். பதினோரு வயது. புதுச் செருப்பு. அதைக் கழற்றக்கூட இல்லை.

டாக்டரம்மா தாம்பரம் பக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே கேட்டார். “என்ன சாப்பிட்டுச்சு? கரெக்டா சொல்லுங்க. அதை வச்சுத்தான் நான் என்ன பண்றதுன்னு முடிவு பண்ணணும்.”

வழக்கமானதுதான் என்றார் மாமா. வழக்கமானதைத் தின்றுவிட்டு இப்படி வராது என்றார் டாக்டர். நான் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் அம்மா அந்த நேரத்தில் அக்காவின் தோளைச் சுற்றிக் கை போட்டு நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“அக்காதான் கொள்ளு போட்டா.”

அது முழுப் பொய்யும் இல்லை. காலையில் இரண்டு கைப்பிடி அவள்தானே வைத்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு கொட்டகை ஓரத்தில் கிடந்த வாளியைப் பார்த்தாள், மூடாமல் நான் விட்டுவந்த டிரம்மைப் பார்த்தாள், ஈ மொய்த்துக்கொண்டிருந்த தூக்கைப் பார்த்தாள். டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“ஊறாத கொள்ளு டாக்டர். அரை வாளி இருக்கும். அதோட பூந்தியும் துன்னுட்டுச்சு. மத்தியானம்.”

மத்தியானம் அவள் வீட்டில் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாமா அந்த நிலையில் மணி பார்க்கிறவராக இல்லை. எழுந்து வந்து அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டார். இந்தக் குதிரைக்காக உங்கம்மா அங்க இன்னா பாடு பட்டுகினு கீறா, உனக்கு இன்னாடி தெரியும் என்று கத்தினார். அடி வாங்கிய அக்கா கயிற்றை மட்டும் விடவில்லை. அம்மா மாமாவைப் பிடித்துத் தள்ளினாள். தள்ளிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டாக்டரின் பையைப் பார்த்தேன்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள், எண்ணெய் ஊற்றினார்கள், ஊசி போட்டார்கள். அக்கா நடத்திக்கொண்டே இருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் சுல்தானா சந்தின் நட்டநடுவில் நின்று லத்தி போட்டது. டாக்டர் நிம்மதியாகச் சிரித்தார். மாமா அந்த லத்தியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தெருவே அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. நான் நன்றி சொல்லாத தெய்வமில்லை. குதிரை பிழைத்ததால் பாதி, இனி யாரும் விசாரிக்க மாட்டார்கள் என்பதால் மீதி.

கிளம்பும் முன் டாக்டர் பேனரைப் பார்த்துவிட்டார். டான்ஸ் குதிரை என்றால் என்ன என்று கேட்டார். மாமா பெருமையாக நடித்தே காட்டினார், இடமும் வலமும் அசைந்து. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அது டான்ஸ் இல்லைங்க. நாள் முழுக்க ஒத்தையா ஒரே இடத்துல கட்டி வச்சா இப்படித்தான் நின்ன இடத்துலயே ஆடும். தினமும் நடத்துங்க. துணைக்கு ஒரு ஆட்டுக்குட்டியையாவது பக்கத்துல விடுங்க” என்றார்.

மறுநாள் அம்மா என் கவுனைத் துவைக்கும்போது பாக்கெட்டில் ஐந்தாறு கொள்ளு கிடைத்தது. என்னைக் கூப்பிட்டு அதை என் உள்ளங்கையில் வைத்தாள்.

“போய் மாமா கையில குடு. அவரே புரிஞ்சுப்பார்” என்றாள்.

போனேன். மாமா சுல்தானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் காலைத் தடவிக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்து, பயந்துட்டியா கண்ணு என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொள்ளை வேலிக்கு வெளியே எறிந்துவிட்டுத் திரும்பினேன். குடுத்தியா என்று அம்மா கேட்டாள். குடுத்தேன் என்றேன். அதற்கு அப்புறம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு மறுநாளிலிருந்து ரெட்டைப் பின்னல் போட்டாள், முறுகல் தோசையும் வந்தது, ஆனால் தலை வாரும்போது பேசுவதை நிறுத்திவிட்டாள். அக்காவிடம் பேசினாள்.

அந்த வாரமே மாமா ஓர் ஆட்டுக்குட்டி வாங்கிவந்து கொட்டகையில் விட்டார். சாயங்காலம் அவரே சுல்தானாவை ஆற்றோரமாக நடத்திக்கொண்டு போனார். ஆட்டுக்குட்டி அதன் கால்களுக்கு நடுவே புகுந்து விளையாடும். சுல்தானா குனிந்து முகர்ந்து பார்க்கும். நாலைந்து நாளில் ஆட்டம் நன்றாகவே குறைந்துவிட்டது. அக்கா கடைக்குப் போய்த் திரும்பி வரும்போதும் அது புல்லைத் தின்றுகொண்டு சும்மா நின்றது. மாமா வருத்தத்தோடு பேனரை அவிழ்த்துக் கொட்டகை ஓட்டைக்கு அடைப்பாகக் கட்டினார். எனக்கு உள்ளூரக் குளிர்ந்துபோனது. எனக்கு ஆடாத குதிரை இப்போது அவளுக்கும் ஆடவில்லை. ஒரு வழியாக இரண்டு பேரும் சமம் ஆகிவிட்டோம் என்று நினைத்தேன்.

பதினைந்து நாளும் முடிந்தது. ஆட்டோ வந்து நின்றது. அம்மா பைகளை ஏற்றினாள், நான் முதலில் ஏறி ஓரத்து இடத்தைப் பிடித்துக்கொண்டேன். மாமா சுல்தானாவோடு ஆற்றோரம் போயிருந்தார், ஆட்டுக்குட்டியும் பின்னாலேயே போய்விட்டது. அக்கா மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, கையும் ஆட்டவில்லை. வலது காலிலிருந்து இடது காலுக்கும், இடது காலிலிருந்து வலது காலுக்கும் மாறி மாறி நின்றுகொண்டிருந்தாள். அவளோடு சேர்ந்து கேட்டும் லேசாக அசைந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முந்தானையை இழுத்துக் காட்டினேன்.

“அம்மா, அக்கா டான்ஸ் ஆடறா பாரு.”

அம்மா பார்த்தாள். கொஞ்சம் இருங்கள் என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அக்காவுக்குக் காலையில்தான் போட்டுவிட்ட பின்னல், அவிழவே இல்லை. அதை அவளாகவே அவிழ்த்து, கையாலேயே வாரி, முதலிலிருந்து மறுபடி பின்ன ஆரம்பித்தாள். ஒரு பின்னல் முடிந்தது. இரண்டாவது பின்னலையும் அவிழ்த்தாள். ரிப்பனை வாயில் கடித்துக்கொண்டு, நேரமெல்லாம் தன்னுடையது என்பதுபோல் பின்னிக்கொண்டிருந்தாள். அக்காவின் கால்கள் நின்றுவிட்டன.

நான் ஆட்டோவின் தகரத் தரையைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“இன்னா பாப்பா, எங்கனா வலிக்குதா?”

இல்லை என்றேன்.